கிரகணத் தபால்தலையைக் காப்பாற்றியவருக்கு

தபால்தலைப் பரிமாற்ற மேசையில் எதிரே உட்கார்ந்திருந்து, பெயர் சொல்லாமலே எழுந்துபோன நண்பருக்கு நன்றி.

அமெரிக்கா 2017-இல் வெளியிட்ட முழுச் சூரிய கிரகணத் தபால்தலை அது. விரல் சூடு பட்டால் கருவட்டத்துக்குள் நிலா தெரியும். அதைப் பிரித்தெடுக்க, ஒட்டியிருந்த உறைத்தாளோடு தண்ணீரில் போடப்போன நேரத்தில் குறுக்கே கை நீட்டினீர்கள். அந்நாட்டின் அண்மைக்கால ஒட்டுத்தலைகளின் (நனைக்காமலே உரித்து ஒட்டும் தபால்தலைகளின்) பசை நீரில் கரையாது. ஊறவைத்து உரித்தால் தாள் மெலிந்து கிழியும். நீங்கள் விளக்கவெல்லாம் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து, நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் தாள் விட்டு, விளிம்புப் பற்களில் படாமல் வெட்டினீர்கள். சூட்டில் நிலாவைக் காட்டும் அந்த மை புற ஊதா ஒளியில் மங்கும் என்பதால் கறுப்பு அட்டைக்குள் செருகியும் கொடுத்தீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் 1991-இன் புளூட்டோ தலை, ‘இன்னும் ஆராயப்படவில்லை’ என்று அச்சிட்டது, பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. (அதே தலை ஒன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் ஏறி 2015-இல் புளூட்டோவையே கடந்தது!) பிவிசியை வளையவைக்கச் சேர்க்கும் நெகிழ்விப்பான் கசிந்தால் தாளில் எண்ணெய்க்கறை இறங்கும். இடுக்கியால் உருவி, உங்களுடைய பாலியெஸ்டர் உறைக்கு மாற்றினீர்கள்.

அந்தத் தட்டைமுனை இடுக்கி எங்களிடமே தங்கிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம், வந்துவிடுங்கள்.