சளிக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை விட்டதும் எங்கள் தண்டையார்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் சளி, காய்ச்சல் என்று படுத்துவிடுகிறார்கள். போன வாரம் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர், "ரெண்டு ஆன்டிபயாடிக் குடுப்பா, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றார். மருத்துவர் சீட்டைக் கேட்காமலே கொடுத்தார்கள். சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். அந்த மாத்திரை பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது.

பாக்டீரியா ஒரு முழு செல். தானே உணவெடுத்து, தானே இரண்டாகப் பிளந்து பெருகும். பெரும்பாலானவற்றுக்குச் சுவரும் உண்டு. அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பதுதான் பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கின் வேலை. வைரஸுக்கோ சுவரும் இல்லை, அடுப்படியும் இல்லை. புரத உறைக்குள் கொஞ்சம் மரபுப்பொருள், அவ்வளவுதான். நம் செல்லுக்குள் புகுந்து, நம் அடுப்பிலேயே தன் பிரதிகளைச் சமைத்துக்கொள்ளும். வாடகை தராத குடித்தனக்காரர் என்று என் பேத்தியிடம் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

டெங்கு வைரஸால் வருவது. டைபாய்டும் காசநோயும் பாக்டீரியாவால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்ன நாள் வரை. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கே 1945இல் நோபல் உரையில் எச்சரித்துவிட்டார்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் மாநகராட்சி இதை எளிய தமிழில் எழுதி வைக்கலாமே?

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை