பத்தமடைப் பாய்க்கும் பயன் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர், சுற்றுச்சூழல், பாலினச் சமத்துவம் ஆகியவற்றுக்குத் தனி அத்தியாயங்கள் இடம்பெற்றிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவை ஒப்பந்தத்தின் தகராறு தீர்வு நடைமுறைக்கு உட்படாதவை. குறை எழுந்தால் கலந்து பேசலாம், அவ்வளவுதான். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிழையாகக் கீறி, நீரில் ஊறவைத்து, வீட்டிலேயே தறியில் பாய் நெய்யும் பத்தமடைப் பெண்களுக்கு இதனால் என்ன கிடைக்கும்? புவிசார் குறியீடு பெற்ற பாயேயானாலும், பிரிட்டனுக்கு அனுப்பும்போது இந்த ஒப்பந்தம் தரும் வரிச்சலுகைக்கு உரிய மூலச் சான்று (பொருள் இந்தியாவில் உருவானது என்பதற்கான சான்று) முதலிய தாள்களைத் தறிமுன் அமர்ந்திருப்பவர் தாமே திரட்டுவது எளிதன்று. அவற்றை மாவட்டத் தொழில் மையமே கட்டணமின்றி முடித்துத் தர அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சேரன்மகாதேவி.