நர்ஸ்களுக்கான பயிற்சி குமரி மாவட்ட நிலைமைக்கு ஏற்ப மாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்குளம் வட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி குறித்து இந்தக் கடிதம்.

எங்கள் காலத்தில் கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, இவைதான் பாடத்தில் பெரும்பகுதி. அன்றைக்கு அது சரியான படிப்பு. வீட்டுப் பிரசவம் இங்கே அபூர்வமாகிப் போனதில் அந்தப் படிப்புக்குப் பங்கு உண்டு. ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப் பகுதியில் 3,000 பேர் என்ற கணக்கு இன்றைக்கும் அதேதான். ஆனால் அந்த 5,000 பேரில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயசானவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, மேற்கு வங்காளம், பீகார் ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். நர்ஸின் பயிற்சி இவர்களைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். சராசரி இவ்வளவு நன்றாக இருப்பதாலேயே பேச்சிப்பாறை அணைக்கு அப்பால், படகில் ஏறி நீரைக் கடந்து வர வேண்டிய காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளின் நிலைமை அந்த எண்ணுக்குள் மறைந்துபோகிறது. ஆகவே பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது, நர்ஸ் தன் பதிவேட்டைத் தானே பிரித்துப் பார்ப்பதை. தடுப்பூசி 95 சதவீதம் முடிந்தது என்றால், மீதி ஐந்து சதவீதம் எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு, எந்தச் சூளை? பதிவேட்டிலேயே ஏறாதவர்கள் யார்? மேலே அறிக்கை அனுப்பத்தான் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் பழக்கவில்லை.

வடமாநிலக் குடும்பங்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூளையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நிற்பாள். கையில் இருக்கும் அட்டை ஒடியாவில் இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பத் தேவையே இல்லை. தடுப்பூசி அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான்: பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, பிறகு 6, 10, 14 வாரங்கள், ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. எந்த ஊசி எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரிந்தால், தேதிகளை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அட்டையே இல்லாவிட்டால் இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாக் குழந்தைக்கும் தழும்பு விழாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து. சூளை வேலை முடிந்து அந்த ஆள் கேரளத்துக்கோ சொந்த ஊருக்கோ போய்விட்டால், போகும் இடத்துக்கு அவருடைய சிகிச்சையை மாற்றிவிட காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் 'நிக்ஷய்' இணையதளத்தில் வழி இருக்கிறது. அதை ஒருமுறை கையில் செய்து பார்க்க வைத்தால் போதும், மறக்காது. "எத்தனை நாளாக இருமல்?", "எத்தனையாவது மாதம்?" என்ற அளவில் ஐம்பது கேள்விகளை இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் கேட்கப் பழக்கலாம். விளவங்கோடு எல்லையில் வேலை பார்த்த நர்ஸ்கள் மலையாளத்தில் சகஜமாகப் பேசி வீடுவீடாகப் போனவர்கள்தான். நமக்கு இது புதிதல்ல.

நம் சொந்த ஆட்களுக்கும் இதே கவனம் வேண்டும். தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மேலும் கடலிலேயே தங்குகிறார்கள். மாதக் கணக்கில் எண்ணிக் கொடுக்கும் பிரஷர் மாத்திரை நடுக்கடலில் தீர்ந்துபோகும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்கு அவர்களால் வர முடியாது. மருந்துச் சீட்டில் ஆளின் தொழிலையும் கேட்டு எழுதப் பழக்கினால் இதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

வயசானவர்களைப் பற்றி நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது; நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருமகளுக்குச் செய்து காட்டுவதும், மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதும், மறதி நோயின் ஆரம்பத்தைக் கண்டுகொள்வதும் வீட்டுக்குப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தன்னார்வலர்களுக்கு இதற்கென்று முறையான பயிற்சியும், அதற்கேற்ற ஊதியமும் வேண்டும்.

1860களிலேயே நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்து, கிளை மருத்துவமனைகளில் வேலை பார்க்க அனுப்பினார். அந்த வழி நமக்குத் தெரிந்த வழி. காணிக் குடியிருப்புகளிலும் கடற்கரை ஊர்களிலும் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளுக்குச் செவிலியர் பயிற்சியில் இடம் கொடுத்து, அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேலையும் கொடுக்க வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களும் சில வாரங்களாவது மலையிலும் கடற்கரையிலும் தங்கிப் பழக வேண்டும்.

அப்புறம் ஒன்று. நாகர்கோவிலில் மண்டபத்தில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, மாலையில் கையெழுத்து வாங்கி அனுப்பும் பயிற்சியால் பெரிய பயன் இல்லை. அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடத்துங்கள். ஒரு மீனவரையும் ஒரு சூளைத் தொழிலாளியையும் கூப்பிட்டு அவர்கள் சொல்வதை நர்ஸ்கள் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். பயிற்சி நாளில் பயணப்படி கொடுங்கள். அன்றைய கணினிப் பதிவை இரவில் வீட்டில் உட்கார்ந்து முடிக்கச் சொல்லாதீர்கள். மாவட்ட சுகாதார அலுவலரும் ஆட்சியரும் அடுத்த பயிற்சிக்குத் திட்டமிடும்போது களத்தில் இருக்கும் நர்ஸ்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடத்தைத் தீர்மானிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்