அந்த ஆந்தையை அனுப்பவா, வச்சுக்கவா?

மாப்ள,

எப்படி இருக்க? முழங்கால் எப்படி இருக்கு, மாடிப்படி ஏற ஆரம்பிச்சுட்டியா இல்ல இன்னும் கீழ் ரூம்லயேதானா? நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவை கேட்டேன், பதில் போடணும் போடணும்னே நாள் ஓடிடுச்சு, கோச்சுக்காத. போன்ல சொன்னா நீ பாதியிலயே சிரிச்சு காரியத்தைக் கெடுத்துருவ, அதனாலதான் உக்காந்து டைப் பண்றேன். புதுசா வாங்கின ஆந்தைக் காயினைத் திருப்பி அனுப்பவா வச்சுக்கவான்னு உன் அபிப்பிராயம் வேணும், அதுவும் நாளைக்குக் காலைக்குள்ள.

முதல்ல என் நியூஸ். கண்ணு ஆபரேஷன் ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது. இத்தனை வருஷம் மங்கலா பாத்துட்டு இருந்திருக்கேன்னே இப்பதான் புரியுது. சுவத்துல இருக்கற விரிசல், ஃபேன் றெக்கையில அழுக்கு, வீட்டம்மா தலையில நரை எல்லாம் தெரியுது (கடைசி அயிட்டத்தை வாய் விட்டு சொல்லிட்டேன், அது தனிக் கதை). புதுக் கண்ணு கிடைச்ச ஜோர்ல இருந்தப்பதான் அந்தக் காயின் வந்து சேந்துச்சு.

ரிட்டயர் ஆனதுக்கு எனக்கு நானே ஒண்ணு வாங்கிக்கப் போறேன்னு சொன்னேனே, அதான். ஒரு அவுன்ஸ் சில்வர் ப்ரூஃப், 999 சுத்தம், ஒரு பக்கம் றெக்கையை விரிச்ச ஆந்தை. எத்தனை அடிப்போம்னு முன்னாடியே சொல்லி, அத்தோட நிறுத்திக்கற டைப். புக் பண்ணி மாசக்கணக்கா காத்துக் கிடந்தேன். பெட்டியைத் திறந்ததும் மூச்சே நின்னு போச்சு மாப்ள, பின்னாடி கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னுது, அதுக்கு மேல ஆந்தை மட்டும் பனி படிஞ்சாப்ல வெள்ளையா உக்காந்திருக்கு, ஒவ்வொரு இறகும் தனித்தனியா. வீட்டம்மா வந்து பாத்துட்டு "இதுவும் காசுதானே, இதுல என்ன விசேஷம்"ன்னா. ப்ரூஃப்ங்கறது தரம் இல்லம்மா, செய்யற முறை, அச்சையும் தகட்டையும் மெருகேத்தி ஒரே காசை குறைஞ்சது ரெண்டு தடவை அழுத்துவாங்க, உருவத்துல மட்டும் அச்சுல சொரசொரப்பு வச்சு இந்தப் பனி மாதிரி கொண்டு வருவாங்கன்னு நானும் ஆர்வமா விளக்கிட்டு இருக்கேன், திரும்பிப் பாத்தா அவ எப்பவோ உள்ள போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி டேபிள் லைட்டுக்குக் கீழ வச்சு சாய்ச்சு சாய்ச்சு பாத்தப்பதான் மாட்டுச்சு. ஆந்தையோட இடது றெக்கைக்குப் பக்கத்துல, அந்தக் கண்ணாடிப் பகுதியில, தலைமுடி மாதிரி ஒரு கோடு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ஓரத்துல எழுத்துக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உனக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து காசு அடிச்ச அந்த மின்ட்டுக்கு ஒரு மெயில் டைப் பண்ணினேன் பாரு, நாலு பத்தி, இவ்வளவு காசு வாங்கிட்டு இதான் உங்க குவாலிட்டியான்னு. அனுப்பல. ஏன்னா பழசு ஞாபகம் வந்துடுச்சு. முன்னாடி ஒரு தடவை விளிம்புல சின்ன நசுங்கல்னு ஒண்ணை ரிட்டர்ன் பண்ணி மாத்தி வாங்கினேனே, மாத்தி வந்ததுல முகத்துலயே ஒரு வெட்டு, முதல்ல வந்ததே தேவலாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன், ஆனா அது போனது போனதுதான். நீ அன்னைக்கு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

சரி, இந்தத் தடவை ஆத்திரப்படாம பாப்போம்னு மறுநாள் பகல் வெளிச்சத்துல லூப்பை, அதான் அந்தக் குட்டி பூதக்கண்ணாடியை, எடுத்தேன். முதல்ல அந்தக் கோடு. கீறல்னா பள்ளமா இருக்கணும், இது மேடா இருந்துச்சு. பொறுமையா காயினைச் சுத்திச் சுத்திப் பாத்தா கோடு ஆந்தையோட இறகுகிட்ட வந்து நின்னுடுது, ஏறி அந்தப் பக்கம் போகல, இறகைத் தாண்டி மறுபடி அதே நேர்ல ஆரம்பிக்குது. உடனே புரிஞ்சுபோச்சு. இது காயின்ல விழுந்த கீறலே இல்ல, அச்சுக்கு மெருகு போட்டப்ப அச்சுல விழுந்த கோடு. அச்சுல பள்ளம்னா காயின்ல மேடு. அச்சுல உருவம் குழிவா உள்ள இருக்கும், மெருகு போடறப்ப மேல இருக்கற சமதளம் மட்டும்தான் உரசும், அதனாலதான் கோடு உருவத்துமேல ஏறல. காயின் அடிச்சப்புறம் எவனாவது துணியால துடைச்சு வந்த கீறலா இருந்தா சமதளம் உருவம்னு பாக்காம எல்லாத்து மேலயும் ஓடிருக்கும். நாலு பத்தி திட்டினதும் வீண். அது குறையே இல்ல, பிறக்கும்போதே கூட வந்தது.

அடுத்து வெள்ளைப் புள்ளி. இதுக்குத்தான் நான் நிஜமாவே பயந்தேன், சில்வர்ல வர்ற பால் புள்ளி உனக்குத் தெரியாததா, தகட்டைக் கழுவற ரசாயனம் மிச்சம் இருந்து சூட்டுல ஒட்டிக்கிட்டு அப்புறமா மெதுவா வெளிய வருமே. கனடா மின்ட்டே அவங்க மேப்பிள் லீஃப் காயின்களுக்கு இதைக் குறைக்கணும்னு 2018-ல மின்ட்ஷீல்டுன்னு தனியா ஒரு வழி கொண்டு வந்தாங்க, அவ்வளவு தொல்லை பிடிச்ச புள்ளி. காயினை வச்சிருக்கற பிளாஸ்டிக் கேப்ஸ்யூலைத் திறக்காம விரலால லேசா ரெண்டு தட்டு தட்டினேன். புள்ளி நகந்துடுச்சு! தூசி மாப்ள, வெறும் தூசி. உள்ள மாட்டிக்கிட்ட பஞ்சுத் துணுக்கு. ராத்திரி பூரா தூங்காம கிடந்தது ஒரு பஞ்சுத் துணுக்குக்காக.

இன்னொரு கூத்து கேளு. நான் பாத்தது 20 மடங்கு லூப்ல. காசோட நிலைக்கு மார்க் போடற கிரேடிங் ஆளுங்களே 70-க்கு 70 குடுக்க, அடிச்சு முடிச்சப்புறம் வந்த குறை எதுவும் 5 மடங்குல தெரியக் கூடாதுன்னுதான் வச்சிருக்காங்க. அந்த 70 கணக்கே ஷெல்டன்னு ஒருத்தர் பழைய அமெரிக்கச் சென்ட் காசுகளுக்காக 1949-ல போட்டது, அதை வச்சு இன்னைக்கு சாயந்திரம் பொறந்த காசுக்கெல்லாம் 69-ஆ 70-ஆன்னு மண்டையை உடைச்சுக்கறோம். 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை லென்ஸ் இல்லாம நீயோ நானோ கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா விக்கப் போனா விலை மட்டும் எங்கேயோ நிக்கும். நான் விக்கவா வாங்கினேன்? பாக்கத்தானே வாங்கினேன். அப்போ வச்சுக்கலாம், முடிஞ்சுதுன்னு பெட்டியை மூடிட்டேன்.

நாலு நாள் கழிச்சு சும்மா இன்னொரு தடவை பாக்கலாம்னு எடுத்தேன். இந்தத் தடவை ஆந்தைப் பக்கம் இல்ல, மறுபக்கம். ஜன்னல் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட கோணத்துல படறப்ப மட்டும், வருஷம் போட்டிருக்கற இடத்துக்கு மேல லேசா ஒரு மங்கல். வாயால ஊதின ஆவி மாதிரி. லூப் வச்சுப் பாத்தா வளைவு வளைவா ரேகை. எவனோ ஒருத்தனோட விரல். கேப்ஸ்யூலுக்கு உள்ள. க்ளவுஸ் போடாம எடுத்து வச்சிருக்கான், இல்ல க்ளவுஸ் கிழிஞ்சிருக்கணும்.

இப்ப பாரு என் நிலைமையை. வெறும் கண்ணுக்கு அந்த அச்சுக் கோடுதான் பளிச்னு தெரியுது, ரேகை தெரியவே தெரியாது. ஆனா கோடு நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும், ரேகை சும்மா இருக்காது. விரல்ல இருக்கற எண்ணெயும் உப்பும் சில்வர்ல உக்காந்து மெதுவா அரிக்கும், இன்னைக்கு ஆவி மாதிரி இருக்கறது போகப் போகப் பழுப்பா ரேகையாவே பதிஞ்சு நிக்கும். நாம சின்னப் பசங்களா இருக்கறப்ப மணல்ல தேச்சு பளபளன்னு ஆக்கின காசெல்லாம் என்ன கதி ஆச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல, அதனால தேய்க்கறதுங்கற பேச்சே இல்ல. சுத்தமான அசிட்டோன்ல முக்கி எடுத்தா புது ரேகை போக வாய்ப்பு இருக்கு, அசிட்டோன் சில்வரை ஒண்ணும் பண்ணாது. (நகப்பூச்சு எடுக்கற பாட்டில் இல்ல, அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும்.) ஆனா இந்த ரேகை விழுந்து எத்தனை மாசம் ஆச்சோ, ஏற்கனவே அரிச்சிருந்தா அசிட்டோனும் கை விரிச்சுரும். அதோட கேப்ஸ்யூலைத் திறந்துட்டா இவங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க, ரூல்லயே தெளிவா போட்டிருக்கு.

ரிட்டர்ன் பண்ணினா மாத்திக் குடுப்பாங்களான்னு கேட்டேன். ஸ்டாக் முடிஞ்சுபோச்சாம், பணத்தை மட்டும் திருப்பித் தருவாங்களாம். அதாவது ஆந்தை போனா போனதுதான். வெளியில தேடிப் பிடிச்சா இன்னும் ஏறின விலைக்குத்தான் கிடைக்கும், அதுல எவன் ரேகை இருக்குமோ.

வீட்டம்மாகிட்ட கேட்டேன். "கண்ணு ஆபரேஷனை அடுத்த மாசம் வச்சிருக்கலாம்"ன்னா.

என் மனசு எங்க நிக்குதுன்னா, திருப்பி அனுப்பிடலாம்ங்கறதுலதான். தூசிக்காகவோ கோட்டுக்காகவோ இல்ல, அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். தினம் எடுத்துப் பாக்கணும்னு வாங்கினதை, ரேகை இன்னைக்குக் கொஞ்சம் கறுத்திருக்கான்னு பாக்கறதுக்காக எடுத்தா அது என்ன ஆசை, நோயாளியை பாக்கப் போற மாதிரி ஆயிடும். மெயிலையும் மாத்தி எழுதிட்டேன், நாலு பத்தியும் போச்சு, மூணே வரி, கூட ரேகை தெரியற மாதிரி ஒரு போட்டோ. அந்த போட்டோவை எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு, எப்படிப் பிடிச்சாலும் என் மூஞ்சிதான் தெரியுது அதுல.

ஆனா நீதான் அசிட்டோன் வேலை ரெண்டு மூணு தடவை பண்ணிப் பாத்தவன். அந்தப் பழைய வெள்ளிக் காசுல இருந்த ரேகை உனக்கு முழுசா போச்சா, இல்ல நிழலா எங்கேயாவது நின்னுச்சா? போச்சுன்னு நீ சொன்னா நான் துணிஞ்சு திறந்துடறேன். பார்சல் ரெடியா இருக்கு, டேப் மட்டும் ஒட்டல, நாளையோட ரிட்டர்ன் தேதி முடியுது. முழங்காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுக்கிட்டு இதைப் படிச்ச கையோட ஒரு போன் போடு.

சிரிக்காம பேசு.

உன்
மாப்ள