எல்லாமே டெலஸ்கோப் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பற்றி சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், "ஸ்பெக்ட்ரோஸ்கோப், ஸ்பெக்ட்ரோமீட்டர், ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று பெயர் பல இருந்தாலும் எல்லாம் ஒருவகை டெலஸ்கோப்தான்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கல்லூரி இயற்பியல் லேபில் 31 வருஷம் இருந்தவன் நான்.

ஸ்பெக்ட்ரோ என்பது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டையை, அதாவது நிறமாலையைக் குறிக்கும். ஸ்கோப் என்றால் கண்ணால் பார்ப்பது, கிராஃப் என்றால் பதிவு செய்வது, மீட்டர் என்றால் அளப்பது. எங்கள் லேப் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சின்ன டெலஸ்கோப் ஒன்று இருக்கும், உண்மைதான், ஆனால் அது வட்டத் தட்டைச் சுற்றி வந்து வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் கோணம் அளக்கத்தான். சோடியம் விளக்கு முதலில் இளஞ்சிவப்பாக எரியும், மஞ்சளாகச் சில நிமிஷம் பிடிக்கும். அப்புறம் ஒளியைப் பிரிக்கிற, நெருக்கமாகக் கோடு போட்ட கிரேட்டிங்கை வைத்து, ஒளி நுழையும் பிளவைச் சன்னமாக்கி, டெலஸ்கோப்பை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்த பையன் "சார், ஒரு கோடு இல்லை, ரெண்டு!" என்று கத்துவான். அந்த இரண்டு மஞ்சள் கோடுகளின் அலைநீளம் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம், அவ்வளவு நெருக்கம். வெறும் டெலஸ்கோப்பில் அது தெரியுமா, நீங்களே சொல்லுங்கள்.

1909 ஜனவரியில் வானியலாளர் எவர்ஷெட் இதே மலையில், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது நிறமாலைக் கோடுகள் லேசாக விலகியிருந்ததை வைத்துத்தான். ஒரே ஒரு கோட்டின் ஒளியில் முழுச் சூரியனையும் படமெடுக்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் 1904 முதலே இங்கே இருக்கிறது. கட்டுரையில் இரண்டுமே இல்லை, குறிஞ்சி பூத்த படம் மட்டும் பெரிதாக இருக்கிறது. 1919இல் ஆஸ்டன் என்ற விஞ்ஞானி செய்த மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் ஒளியையே பிரிக்காது, அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும். அதையும் டெலஸ்கோப் என்பீர்களா?

முன்பொரு முறை இதே ஆய்வகத்தை "வானிலை மையம்" என்று போட்டீர்கள். அங்கே வானிலையும் பதிவு செய்தார்கள், சரி, அதற்காக அதையே பெயராக்கலாமா? அப்போது அனுப்பிய கார்டுக்குப் பதில் இல்லை. இவ்வளவு காலம் உங்கள் பத்திரிகையை விடாமல் வாங்குகிறவனுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாணவர் பக்கத்தில் நாலு வரித் திருத்தம் போடுங்கள், நிறமாலைகாட்டி, நிறமாலைவரைவி, நிறமாலைமானி என்று தனித்தனியாக. பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், அந்தக் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் உதவியாளர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்