சால்வை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும்

அன்புள்ள அரிமா (லயன்ஸ்) சங்க உறவுகளுக்கும், உறுப்பினராக இல்லாமலே எங்களுக்காக ஓடியாடிய எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஜூன் மாதத்தோடு அரிமா ஆண்டு முடிகிறது. நம் அரிமா மாவட்டத்தின் ஆளுநர் என்ற என் பொறுப்பும் முடிகிறது. நிறைவு விழா மேடையில் நன்றி சொல்லத்தான் போகிறேன். ஆனால் மேடை நன்றிக்கு ஒரு வரிசை உண்டு: முன்னாள் ஆளுநர்கள், மாவட்ட நிர்வாகக் குழுவான அமைச்சரவை, மண்டலத் தலைவர்கள், வட்டாரத் தலைவர்கள் என்று போய், அரங்கத்துக்கு ஒலிபெருக்கி கட்டியவரோடு முடிந்துவிடும். அந்த வரிசையில் வராதவர்கள்தான் என்னைச் சங்கம் சங்கமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். அவர்களுக்காக இந்த மடல். பெயர் எதுவும் எழுதவில்லை. எழுதினால் விட்டுப்போனவரிடம் காலம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஓர் அரிமா மாவட்டம் அமையக் குறைந்தது 35 சங்கங்களும் 1,250 உறுப்பினர்களும் வேண்டும் என்பது விதி. 35 என்று படிக்கும்போது சின்ன எண்ணாகத்தான் தெரியும். திருமங்கலத்தில் ஒரு மாலை, மேலூரில் ஒரு மாலை, மறுநாள் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறித் தேனி, அப்படியே கம்பம், கூடலூர் என்று போகும்போதுதான் அந்த எண்ணின் நீளம் தெரியும். போனவுடன் பேசிவிட்டுத் திரும்பும் வேலையும் இல்லை. முதலில் இயக்குநர் குழுவோடு உட்கார வேண்டும். மினிட்ஸ் நோட்டு, வரவு செலவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டிய சர்வதேசச் சந்தா பாக்கி எல்லாம் பார்த்த பிறகுதான் பொதுக்கூட்டம், புது உறுப்பினர் சேர்க்கை, தையல் மிஷின் வழங்குதல், போட்டோ, சாப்பாடு. வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும்.

அதனால் முதல் நன்றி என் ஓட்டுநர் தம்பிக்கு. வண்டி ஓட்டியதற்கு மட்டும் இல்லை. எல்லாக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் இந்த இயக்கத்தைத் தொடங்கியது, 1925-இல் ஒஹையோ மாகாணத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து 'பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள்' என்று அரிமாக்களைக் கேட்டுக்கொண்டது, அதிலிருந்து கண் நம் முதல் வேலையானது, இதெல்லாம் என் பேச்சில் தவறாமல் வரும். ஒரு நாள் காரில் ஏறியதும், "அண்ணே, இன்னைக்கு ஹெலன் கெல்லர் அம்மாவை விட்டுட்டீங்களே" என்றார். நேரமாகிவிட்டது என்று சொன்னேன். "சால்வை போடுறதைக் குறைச்சிருந்தா அந்தம்மா வந்திருப்பாங்கள்ல" என்றார். மாவட்டத்தில் வேறு யாரும் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

சால்வை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதவி ஏற்றதும் எல்லாச் சங்கங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன்: பொன்னாடை, மாலை, நினைவுப்பரிசு வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள் என்று. சங்கங்கள் மறுக்கவில்லை. நோட்டும் வாங்கினார்கள், சால்வையும் போட்டார்கள். வீட்டில் பீரோ நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் மூட்டை வந்த பிறகு, என் மனைவிதான் அவற்றைப் பிரித்து அடுக்கி முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜரிகை சால்வை போர்த்தப் பயன்படாது என்று அங்கே இருந்த ஒரு பாட்டி முகத்துக்கு நேராகச் சொன்னாராம். உண்மைதான். நினைவுக் கேடயங்களை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. யோசனை இருப்பவர்கள் சொல்லலாம். ஒரு சங்கம் மட்டும் கேடயத்துக்குப் பதிலாக ஒரு கூடை கம்பம் பன்னீர் திராட்சை கொடுத்தது. அவர்களுக்குத் தனி நன்றி. மதுரை வந்து சேர்வதற்குள் பாதிக் கூடை காலி.

அப்புறம், வீட்டில் தங்கவைத்தவர்கள். லாட்ஜில் அறை போடுகிறோம் என்று எல்லாச் சங்கமும் சொல்லும். முடிந்த இடத்தில் உறுப்பினர் வீட்டில் தங்கினேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை யார் யாருக்குச் சொன்னார்களோ, அடுத்தடுத்த ஊர்களில் நான் சொல்லாமலே காபியில் சீனி இல்லை, இரவுக்குச் சப்பாத்தி. இந்தச் செய்தியைக் கடத்தியது சங்க நிர்வாகிகள் இல்லை, அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நம் சுற்றறிக்கையை விட அது வேகமாகப் போயிருக்கிறது.

அப்படித் தங்கிய ஓர் இரவைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. தேனிப் பக்கம் ஒரு சங்கம். கூட்டம் முடிந்து, சாப்பிட்டு, செயலாளர் வீட்டு மாடியில் பாய் விரித்தாகிவிட்டது. பதினொரு மணி இருக்கும். கீழே செயலாளரின் போன் அடித்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். கண்ணைக் கொடுக்கலாமா என்று மகன் கேட்கிறார். செயலாளர் சட்டையை மாட்டிக்கொண்டே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கண்ணை மூடி விடுங்க தம்பி. பஞ்சை நனைச்சு மேல வைங்க. ஃபேனை நிறுத்திருங்க. தலைக்குக் கீழ ரெண்டு தலகாணி வைங்க. நான் வந்துட்டேன்." இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் அடுத்த போன் கண் வங்கிக்கு. நானும் கூடப் போனேன். ஆளுநர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய நேரமும் இல்லை.

துக்க வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொல்வது சின்ன வேலை இல்லை. உறவுக்காரர்கள் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அத்தை, "கண்ணைத் தோண்டிட்டா மொகம் என்னத்துக்காகும்?" என்று சத்தம் போட்டார். செயலாளர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகம் மாறாது, தூங்குகிற மாதிரிதான் இருக்கும், நானே பலதடவை கூட நின்று பார்த்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அறிக்கைகளில் நாம் போடும் 'விழிப்புணர்வு' என்பதெல்லாம் அந்தத் தரையில் நடந்ததுதான். கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் அரைமணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். அந்த அத்தை உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் ஃபேனைப் போட்டார். திரும்பி வந்தபோது செயலாளரின் மனைவி ஃபிளாஸ்க்கில் பாலும், கண் வங்கிக்காரர்களுக்கு இட்லியும் எடுத்து வைத்திருந்தார். அந்த நேரத்துக்கு இட்லி எப்படி என்று கேட்டேன். "இவரு இப்படிப் போறது வழக்கந்தானண்ணே, மாவு எப்பவும் இருக்கும்" என்றார். அந்த மாவுக்குத்தான் நான் நன்றி சொல்கிறேன்.

கண் முகாம்களில் நின்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து மருத்துவக் குழு வந்துவிடும். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால் மைக் கட்டிய ஆட்டோவில் கிராமம் கிராமமாகப் போனது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை நகர்த்தியது, கண்புரை என்று தேர்வானவர்களை அன்றைக்கே பஸ் ஏற்றியது எல்லாம் உள்ளூர் ஆட்கள். முகாமில் ஒரு பாட்டி பஸ் படியில் காலை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். ஆபரேஷனுக்குப் பயமா என்று கேட்டால், இல்லை. ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சங்கப் பொருளாளர், ஊரில் வட்டிக்கடை வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி கசங்காத மனிதர், "ஆயா, ஆட்டை நான் பாத்துக்கறேன், நீ ஏறு" என்றார். ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாட்டி திரும்பி வரும்வரை ஆடு அவர் வீட்டு வாசலில்தான் நின்றது; வேலியோரச் செம்பருத்தி முழுசும் போச்சு என்று அவர் மனைவி போனில் புகார் சொன்னார். மாதாந்திர அறிக்கையில் பயனடைந்தோர் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது, சேவை நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது. ஆட்டுக்கு இல்லை.

பெண்களே நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. 1987 வரை இந்த இயக்கத்தில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. 2018-இல்தான் ஐஸ்லாந்தைச் சேர்ந்த குட்ரூன் இங்வடோட்டிர் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். இத்தனை காலம் எதற்கு யோசித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்த வரையில் மினிட்ஸ் நோட்டு தேதி பிசகாமல் இருந்ததும், சந்தா பாக்கி இல்லாமல் இருந்ததும் இவர்களிடம்தான். ஆண்கள் சங்கங்கள் கோபித்துக்கொள்ளட்டும். நோட்டைக் கொண்டு வரட்டும், பார்க்கலாம்.

இன்னும் சிலர். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்த ஒரு நாள் போடி ரயிலில் வந்து இறங்கினேன். அந்தப் பாதை அகலமாகி, 2022-இல் தேனி வரைக்கும் 2023-இல் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது பெரிய வசதி. ஸ்டேஷனுக்கு வந்திருந்த உறுப்பினர், மெயின் ரோட்டில் நெரிசல் என்று சொல்லித் தன் டிவிஎஸ் வண்டியில் சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வாசலில் இறக்கிவிட்டார். முன்வாசலில் செண்டை மேளக்காரர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே காபி குடித்து முடித்துவிட்டேன், அவர்கள் இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உறுப்பினருக்கு என் மனமார்ந்த நன்றி.

அபராதம் போட்ட டெயில் ட்விஸ்டர்களுக்கும் நன்றி. கூட்டத்தில் சிரிப்பு வரவைப்பதும் அபராதம் வசூலிப்பதும் அந்தப் பொறுப்பின் வேலை. ஆளுநரின் புது ஷூ அதிகமாகப் பளபளக்கிறது என்று ஒரு சங்கத்தில் நூறு ரூபாய் வாங்கிவிட்டார்கள். திருப்பி அந்த டெயில் ட்விஸ்டருக்கு அபராதம் போடலாம் என்று பார்த்தால், வந்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டால்தான் முடியும் என்று விதி. அவருடைய மச்சான் கை தூக்கவில்லை.

கம்பத்திலிருந்து திரும்பும்போது கணவாயில் டயர் பஞ்சர். எங்கள் ஜாக்கி சுற்றவில்லை. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போன குட்டியானை வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் ஜாக்கியை எடுத்துப் போட்டு டயரை மாற்றிக் கொடுத்தார். "லைட்டை ஆட்டாமப் பிடிங்க சார்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை, காசும் வாங்கவில்லை. இந்த மடல் அவர் கண்ணில் படுமா தெரியாது. பட்டால், தெற்கு வெளி வீதிப் பக்கம் வரும்போது கடைக்கு வந்து ஒரு டீ குடிக்க வேண்டும்.

கடை என்றதும் என் தம்பி. ஓர் ஆண்டாகக் கல்லாவில் அவன்தான். "முதலாளி எங்க?" என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்கு, "கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கார்" என்றே பதில் சொல்லியிருக்கிறான். பாதிப் பேர் எனக்குத்தான் ஆபரேஷன் என்று நினைத்து ஆப்பிளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, உறுப்பினர் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போய்விட்ட சின்னச் சங்கங்களுக்கு. புதுச் சங்கம் தொடங்கவே இருபது பேர் வேண்டும் என்று இருக்கும் இடத்தில், நீங்கள் அதற்கும் குறைவான ஆட்களோடு, தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியை உங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனையை ஓர் ஆண்டும் நிறுத்தவில்லை. பெரிய சங்கங்களில் ஏசி அரங்கமும் அகல் விளக்கு அலங்காரமும் பார்த்தேன், குறை இல்லை. ஆனால் உங்கள் கூட்டங்களில்தான் என்னைப் பேசவிடாமல் நீங்கள் பேசினீர்கள். யாருக்குக் கண்ணாடி வாங்க வேண்டும், எந்தப் பையன் போர்டு தெரியாமல் முன்பெஞ்சுக்கு மாறினான் என்று பெயர் பெயராகச் சொன்னீர்கள். அடுத்த ஆளுநரிடம் உங்கள் ஊர்களை முதல் இரண்டு மாதத்திலேயே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார். மேளம் வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார்; அதை நீங்கள் கேட்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பயணக் கணக்கு தணிக்கைக்குப் போயிருக்கிறது. வந்ததும் எல்லாச் சங்கங்களுக்கும் நகல் வரும்.

பின்குறிப்பு: என் கார் டிக்கியில் மூன்று அடுக்கு எவர்சில்வர் தூக்கு ஒன்று, ஆண்கள் குடை இரண்டு, ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு ஆகியவை இருக்கின்றன. எந்த ஊர் என்று நினைவில்லை. உரியவர்கள் கடைக்குப் போன் செய்தால் தம்பி பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவான்.

அன்புடன்,
உங்கள் மாவட்ட ஆளுநர் (இன்னும் சில நாட்களுக்கு)
மதுரை