விழா முடிந்த மறுநாள் வாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரள-தமிழக எல்லையோரப் பள்ளிகளில் ஓணமும் பொங்கலும் சேர்ந்து கொண்டாடப்படுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் எல்லாமே விழா நாளில் எடுத்த படங்கள். மறுநாள் அதே பள்ளிக்குப் போயிருந்தால் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும்.

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரே காம்பவுண்டுக்குள் மலையாளம் மீடியமும் தமிழ் மீடியமும் நடக்கும் பள்ளிகள் உண்டு. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி என்பது, மாநிலங்கள் பிரிந்த 1956-இலேயே அரசியலமைப்பில் 350-ஏ பிரிவாகச் சேர்ந்தது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பாடத்துக்காகப் பிரித்த டிவிஷன், விளையாட்டு பீரியடுக்கும் லேபுக்கும் டூர் பஸ்ஸுக்கும் சேர்த்தே பிரிந்து கிடக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். அடுத்த டிவிஷனில் ஒரு சிநேகிதன்கூட இல்லாமலே பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துவிடலாம். அப்புறம் மலையாள டிவிஷன் பக்கத்திலிருந்து, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் ‘பாண்டி’ என்று ஒரு குரல் வரும், தமிழ்ப் பக்கத்திலிருந்து அதற்குச் சளைக்காத ஒரு பதில் போகும். பிள்ளைகள் விளையாட்டு என்று ஆசிரியர்களும் விட்டுவிடுகிறார்கள்.

கேரளத்தின் 2017 மலையாள மொழிச் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். அதில் எனக்கு வருத்தமில்லை. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதவும் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கவும் இங்கே அது வேண்டும். ஆனால் பொள்ளாச்சி பஸ்ஸில் சரளமாகத் தமிழ் பேசும் மலையாளப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கற்றுத்தர ஒரு பீரியடும் இல்லை. பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் தமிழ்ப் பேச்சுக்கும் செய்யுளுக்கும் போட்டி வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். 2025 ஜனவரியில் திருவனந்தபுரம் கலோல்சவத்தில் இருளர் ஆட்டம், மலைப்புலையாட்டம் உட்பட ஐந்து பழங்குடிக் கலைகளையும் சேர்த்தார்கள். அதுவும் நல்லதுதான். இருளர் ஆட்டம் ஆடி ஏ கிரேடு வாங்கும் பிள்ளை, அட்டப்பாடி மலையிலிருந்து வரும் இருளர் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறதா?

இனி சொல்லப்போவது நம் தமிழ் ஆட்களுக்கே பிடிக்காது. மொழிச் சிறுபான்மை என்று மேடையில் முழங்கும் நாம், தமிழ் டிவிஷனுக்குள் இருக்கும் சாதியைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. முதலமடை கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமை பற்றி முறையிட்டது 2017-இல்தான். அந்த மாதிரி ஊர்களிலிருந்துதானே பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள்? வீட்டில் கேட்டதைப் பையோடு சேர்த்துத்தான் கொண்டுவருவார்கள். மதியச் சாப்பாட்டின்போது யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் நின்று பார்த்தால் போதும், யாரும் வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

நாங்குநேரியில் 2023-இல் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது தமிழ்நாட்டுச் சமாச்சாரம் என்று இங்கே ஒதுக்கிவிடுகிறார்கள். சாதி என்ன, மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்டில் இறங்கித் திரும்பிப் போய்விடுமா?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. விளையாட்டு, ஓவியம், லேப், சாப்பாடு இவற்றை இரண்டு டிவிஷனுக்கும் பொதுவாக வையுங்கள். இருக்கை வரிசையை ஆசிரியர் தீர்மானிக்கட்டும், பிள்ளைகளிடம் விட வேண்டாம். தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியரைப் போடுங்கள், இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் எந்தச் சண்டையை யாரிடம் போய்ச் சொல்வார்கள்? இதற்குப் புதிதாக நிதி எதுவும் தேவையில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்முன், டைம்டேபிள் போடும்போதே பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வில் பெற்றோர் இதைக் கேட்டுவிட வேண்டும். ஓணம் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த வருடம் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்